மூக்கன் வாய் திறக்கவில்லை

இன்று ஒரு டைப்பிங் டீச்சரைச் சந்தித்தேன். வந்த கையோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். தோள்பையை இன்னும் கழற்றவில்லை. ஆறப்போட்டால் இதில் பாதி ஆவியாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

காலையில் ஒரு போன் வந்தது. “பழைய கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிற பொண்ணு நீங்கதானே?” என்றது ஓர் ஆண் குரல். பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று நான் இந்த வலைப்பூவில் எப்போதோ எழுதியதை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“ஆமாங்க, சொல்லுங்க.”

“என் வீட்டம்மாவோட மெஷின் எழுந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு கடையில கேட்டுட்டேன். ஒருத்தன் சிரிக்கிறான். இன்னொருத்தன் எடைக்குப் போட்டுடுங்கன்னு புத்தி சொல்றான். சாயங்காலம் நாலு மணிக்கு அது ஓடணும்மா. இல்லன்னா ஒரு மனுஷன் கையை விட்டுப் போயிடுவார்.”

கணினி ஓடாததற்கும் மனுஷன் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மருந்துக்கடைக்கு மேலே மாடி வீடு. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. பாதிப் படியிலேயே புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. கதவைத் திறந்தவர்தான் போனில் பேசியவர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். நகக்கண் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம் ஒட்டியிருந்தது. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசை மேல் படுக்கை வசத்தில் ஒரு பழைய கணினிப் பெட்டி, தந்த நிறம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிப் போன ஒரு கீபோர்டு. பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மாடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்!

மேசைக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே இருந்த ஒயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் தெரியாது என்பதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வந்தாச்சா? படியில ஏறின வேகத்துக்கு யாரோ பெரிய ஆம்பளைன்னு நினைச்சேன்” என்றார்.

“இல்ல டீச்சர், ஒல்லியான பொண்ணுதான்” என்றார் கணவர்.

“அப்போ முதல்ல சாப்பிடக் கொடுங்க. அப்புறம் வேலை.”

“சாப்பிட்டுட்டேன் டீச்சர்” என்று நானும் டீச்சர் என்றே ஆரம்பித்துவிட்டேன். அந்த வீட்டில் கணவர் உட்பட எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

விஷயம் என்னவென்று அவரே சொன்னார். புதிதாகப் பார்வை போனவர்களுக்கு அவர் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறார். கணினி ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு ஆள். இன்று நாலு மணிக்கு வரவேண்டியவர் ஒரு பஸ் டிரைவர். கண்ணில் அழுத்தம் கூடிக்கூடிப் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த மனிதர் வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யார் என்ன சொன்னாலும் “எனக்கு எதுக்கு?” என்பதுதான் பதில். டிரைவரின் மனைவி வாரக்கணக்கில் கெஞ்சி, அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு சம்மதம் வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு தடவை வருவேன். அதோடு விட்டுவிட வேண்டும். மறுபடி இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது.

“அந்த ஒரு தடவையில அவர் விரலுக்குக் கீழ மெஷின் பேசணும்” என்றார் டீச்சர். “பேசாத மெஷின் முன்னாடி உட்கார வச்சு, நாளைக்கு வாங்கன்னு சொன்னா வருவாரா? நானா இருந்தா வர மாட்டேன்.”

பேசுவது அந்தச் சோப்புப் பெட்டி. கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தினால் அதன் பெயரைச் சொல்லும். ஜலதோஷம் பிடித்த குரல் என்பதால் அதற்கு மூக்கன் என்று பெயர். மூக்கன் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. அதற்கு முன் வருஷக்கணக்கில் இந்தக் கணினியை அணைத்ததே கிடையாது. கரண்ட் போனாலும் யு.பி.எஸ். தாங்கிக்கொள்ளும். போன வாரம் முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்கப் பெயிண்டர் கணவர் எல்லா ஒயரையும் கழற்றி, பெட்டியைப் போர்வையில் சுற்றி உள்ளறையில் வைத்திருக்கிறார். சுவர் காய்ந்தபிறகு கொண்டுவந்து மாட்டினால், இது.

“ஊர் வீட்டுக்கெல்லாம் அடிச்சிட்டு என் வீட்டுக்கு இத்தனை வருஷம் கழிச்சு நேரம் கிடைச்சுது. அதுவும் இப்படி” என்றார் பெயிண்டர். முகத்தில் கொலை செய்துவிட்ட களை.

“புது மெஷின் ஒண்ணு வாங்கிடலாமே டீச்சர்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டதால்தான் இந்தப் பதில் கிடைத்தது.

“தம்பி மகன் புதுசு ஒண்ணு கொண்டுவந்து வச்சுப் பார்த்தான். நல்ல மெஷின். ஆனா சாவியை அழுத்தினா ஒரு கணம் யோசிச்சிட்டுத்தான் சொல்லுது. அதுக்குள்ள விரல் அடுத்த சாவிக்குப் போயிடும். பழகினவங்களுக்குப் பரவாயில்ல. புதுசா வர்றவங்களுக்கு, எந்தச் சாவிக்கு எந்தச் சத்தம்னு குழம்பிப்போயிடும். மூக்கன் அப்படி இல்ல. விரல் படும்போதே சொல்லிடுவான். பாடம் நடத்துற புரோகிராமும் நானே எழுதினது. அது இவன்கூடத்தான் பேசும்.”

சரி என்று வேலையில் இறங்கினேன். சுவிட்சைப் போட்டோம். மின்விசிறி சுற்றியது. ஹார்ட் டிஸ்க் மெல்ல ஊளையிட்டு வேகம் பிடித்தது. கீபோர்டில் விளக்குகள் மின்னி அணைந்தன. அப்புறம் “பீப்” என்று ஒரே ஒரு சத்தம். பழைய கணினிக்காரர்களுக்கு அந்த ஒற்றைப் பீப் தேன் மாதிரி. “எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது” என்று பெட்டி தன் வாயால் சொல்வது அது.

நானும் டீச்சரும் ஒரே நேரத்தில், “பீப் நல்லாத்தானே வருது!” என்றோம்.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம். வழக்கமாகப் பீப் வந்ததும் டிஸ்க் கரகரவென்று படிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கன் “தயார்” என்பான். இன்று பீப்புக்குப் பிறகு சுடுகாட்டு அமைதி. டீச்சர் இரண்டு நாளாக எந்தெந்தச் சாவியையோ அழுத்திப் பார்த்துவிட்டார். ஸ்பேஸ் பார், என்டர், எழுத்துகள், எதற்கும் அசையவில்லை.

“டிஸ்க்தான் டீச்சர். ஒயர் தளர்ந்திருக்கும்.”

“அதை நேத்தே கழற்றி மாட்டிட்டேன். இருந்தாலும் நீ ஒரு தடவை பாரு. உனக்குக் கண் இருக்கே, பிரயோஜனம் ஆகட்டும்.”

பார்த்தேன். ஒயர் சரி. மெமரி சில்லுகளைக் கழற்றினேன். அவற்றின் பித்தளை நிறப் பற்களில் கறுப்புப் படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தேய்த்தோம். தேய்த்துக்கொண்டே பேசினார்.

பத்தொன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போயிருக்கிறது. அப்போது அவர் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் பெண். பிறகு டைப்பிங் கற்க ஒரு இடத்தில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் தப்பான சாவியைத் தொட்டால் அடிக்குச்சியால் விரல் மேலேயே ஒன்று போடுவாராம்.

“வலி கூடப் பெரிசில்ல. குச்சி எப்ப வரும்னு தெரியாது பாரு. வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சா கையை எடுத்துக்கலாம். அதனால என் புரோகிராம்ல தப்புங்கிற பேச்சே வைக்கல. தப்பாத் தொட்டா மூக்கன் திட்ட மாட்டான், கத்த மாட்டான். நீ இப்ப எந்தச் சாவியில இருக்கேன்னு மட்டும் சொல்லுவான். எங்க இருக்கோம்னு தெரிஞ்சா போதும்மா. எங்க போகணும்கிறது நமக்கே தெரியும்.”

ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

“தேய்க்கிற சத்தம் நின்னுபோச்சே?”

“இல்ல டீச்சர், இதோ.”

குச்சி அடி வாங்கியும் கற்றுக்கொண்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் ஆகியிருக்கிறார். டாக்டர்கள் கேசட்டில் பேசிவைப்பதைக் கேட்டு அடிக்கும் வேலை. அங்கேதான் இந்தக் கணினியும் மூக்கனும் வந்தார்கள். பெயிண்டரும் அங்கேதான் வந்தார். டைப்பிங் அறைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், “சுவத்துல சாஞ்சிடாதீங்க, ஈரமா இருக்கு” என்றிருக்கிறார்.

“எந்தச் சுவருன்னு கேட்டேன். அதுக்கு இவர், மூணு பக்கமும் ஈரம், நான் நிக்கிற பக்கம் மட்டும்தான் காஞ்சிருக்குன்னார்.”

“உண்மையைத்தான் சொன்னேன்” என்றார் பெயிண்டர் அடுத்த அறையிலிருந்து.

“என்ன கலர்னு கேட்டேன். பச்சைன்னார். அப்புறம் நர்ஸுங்க சொல்றாங்க, ரோஸ் கலராம். அன்னிக்கு ஆரம்பிச்ச விளையாட்டு இது. இந்த வீட்டுச் சுவரு என்ன கலருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப மஞ்சள்னு சொல்லியிருக்கார். மஞ்சளாம்மா?”

வெளிர் நீலம். பெயிண்டர் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அழகா இருக்கு டீச்சர்” என்றேன்.

“நீயும் அவர் கட்சியா?”

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் மாற்றியபோது இந்தக் கணினியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் எடுத்துவந்து, மூக்கனைக் கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். வந்தவர்களில் ஒருவர் இப்போது போன் மூலம் டிக்கெட் பதிவு செய்யும் இடத்தில் வேலை செய்கிறார். ஒரு அம்மா பேத்திகளுக்குக் கதை அடித்து அனுப்புகிறார். ஒருவர் கற்றுக்கொண்டு ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் வாரம் ஒரு முறை வந்து அரட்டை அடித்துவிட்டுப் போகிறாராம். “அதுவும் நல்லதுதானே” என்றார்.

மெமரியைத் திரும்ப மாட்டினோம். சுவிட்ச். விசிறி, ஊளை, விளக்கு, பீப். அமைதி.

நான் கொண்டுபோன வேறொரு பவர் சப்ளையை மாட்டினேன். பீப். அமைதி. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்து உள்ளங்கையில் அதன் அதிர்வைப் பார்த்தோம். “நெஞ்சு அடிச்சுக்குது. உயிர் இருக்கு” என்றார் டீச்சர். ஃபிளாப்பியிலிருந்து எழுப்பப் பார்த்தோம், அதையும் சீந்தவில்லை. உள்ளே நாணயம் மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருந்தது. அது போனால் கணினிக்குத் தேதி மறந்துபோகும், அவ்வளவுதானே என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேசை முழுக்கத் திருகாணி. டீச்சர் அவற்றை அளவு வாரியாக மூன்று டம்ளர் மூடிகளில் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பெயிண்டர் மூன்றாவது தடவையாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். முதல் இரண்டும் அப்படியே ஆறிக் கிடந்தன.

அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. ஒருவர் திடமாக ஏற, இன்னொருவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறும் சத்தம்.

“சீக்கிரமே வந்துட்டாங்க” என்றார் டீச்சர் மெதுவாக.

டிரைவரின் மனைவி முதலில் தலையை நீட்டினார். “மன்னிச்சுக்கோங்க டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம் விட்டா மனசு மாறிடுவார்னு கையோட இழுத்துட்டு வந்துட்டேன்.” அவருக்குப் பின்னால் வாட்டசாட்டமான மனிதர், ஒரு கை மனைவியின் தோளில், இன்னொரு கை சுவரில். நல்லவேளை, சுவர் காய்ந்திருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேசையில் கை வைத்ததும் ஒரு டம்ளர் மூடி கவிழ்ந்து திருகாணிகள் தரையில் சிதறின.

“என்ன இது, ஒர்க் ஷாப்பா?” என்றார் டிரைவர்.

டீச்சர் மழுப்பவில்லை. “மெஷின் ரெண்டு நாளா ஓடல சார். பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

“அப்போ சரி. வந்தேன், வண்டி பிரேக் டவுன். என் பேச்சை நான் காப்பாத்திட்டேன்.” பாதி எழுந்தே விட்டார். “என்ன, கிளம்பலாமா?”

“கொஞ்சம் உட்காருங்களேன். வந்த களைப்பாவது ஆறட்டும்” என்றார் மனைவி. சண்டைக்கெல்லாம் தெம்பில்லாத குரல்.

“வீட்ல போய் உட்கார்ந்துக்கறேன். டி.வி. பார்க்கணும்.”

“இன்னமும் பார்க்கணும்னுதான் சொல்றார்” என்றார் மனைவி எங்களைப் பார்த்து. உடனே சொல்லியிருக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

பெயிண்டர் சட்டென்று நான்காவது தேநீரை நீட்டினார். “சூடு சார், பார்த்துப் பிடிங்க.” டிரைவருக்குக் கையில் டம்ளர் வந்துவிட்டதால் எழுந்திருக்க முடியவில்லை. வாழ்க பெயிண்டர்.

அந்த ஒரு டம்ளர் தேநீர்தான் எங்களுக்கு இருந்த அவகாசம். நான் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி மறுபடி சுவிட்சைப் போட்டேன். விசிறி, ஊளை, விளக்கு, பீப். அமைதி.

டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “ஓடுதே?”

“ஓடுது சார். ஆனா வேலைக்கு வர மாட்டேங்குது” என்றேன்.

“என்ன ப்ராப்ளம்னு சொல்லலையா?”

“ஒரு பீப் அடிக்குது. அதுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“அது சரிம்மா. ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கு?”



நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பியிருந்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அந்த மௌனத்தை டிரைவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். கழுத்து சிவந்துபோனது. “மன்னிச்சுக்கோங்க” என்றார் டீச்சரைப் பார்த்து. “பழக்கதோஷம். எங்க இருக்கேன், யார்கிட்ட பேசறேன்னு மறந்துட்டுக் கேட்டுட்டேன். வீட்லயும் இப்படித்தான், டைம் என்னன்னு சுவத்தைப் பார்க்கறேன். புத்திக்கு இன்னும் ஏறல.”

“ஐயோ, சார், இருங்க!” என்று கத்திவிட்டேன். “ஸ்க்ரீனே இல்ல சார்!”

“என்னது?”

“இந்த மெஷினுக்கு ஸ்க்ரீனே இல்ல. மாட்டவே இல்ல. எனக்குத் தோணவே இல்ல!”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சின்னதாக, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு. “இது கூட வந்த டி.வி. பெட்டியை வீட்டுக்கு வந்த முதல் மாசமே நான்தான் தூக்கிக் கொடுத்தேன். இடத்தை அடைக்குது, யார் பார்க்கப் போறான்னு! பாவி, ரெண்டு நாளா இது என்கிட்ட எழுதிக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் சத்தத்துல தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“நானும்தான் டீச்சர்” என்றேன். கண் இருந்து பிரயோஜனம் என்ன? பீப் கேட்டதும் கணினி தெரியும் என்ற மமதையில் காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டர் இருந்தது.

“அண்ணா, இதைக் கொஞ்ச நேரம் கடன் தாங்க, ப்ளீஸ். எதிர் மாடி டீச்சர் வீட்டுக்கு.”

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “டீச்சர் வீட்டுக்கா? அவங்களுக்கு எதுக்கும்மா இது?”

“கம்ப்யூட்டர் ஏதோ சொல்லுது. என்னன்னு படிக்கணும்.”

“டீச்சருக்கே புரியாததை இது சொல்லிடப் போகுதா? சரி, கொண்டு போ. ஒயரை இழுத்து அறுத்துடாதே. திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் என் கடை குருட்டுக்கடை, ஞாபகம் வச்சுக்கோ.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “இதை மேல போய்ச் சொல்லிடாதே தாயே.”

மேலே வந்தபோது டிரைவரின் டம்ளர் காலியாக இருந்தது. ஆனால் அவர் எழவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். “மாட்டியாச்சா? என்ன போட்டிருக்கு?” என்றார் நான் ஒயரைச் சொருகுவதற்குள்.

திரை மெல்ல வெளுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் இரண்டே வரி. உரக்கப் படித்தேன். “பேட்டரி தீர்ந்துவிட்டது, தேதியும் அமைப்பும் மறந்துவிட்டன, எனக்குத் தெரிந்தபடி வைத்துக்கொண்டேன். தொடர எஃப்-1 சாவியை அழுத்தவும்.”

அவ்வளவுதான். ஒரு சாவி. கணினியை அணைக்காமலே வைத்திருந்ததால் பேட்டரி எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயிண்ட் அடிக்கக் கழற்றிய அன்று அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மாட்டியதிலிருந்து, ஒரே ஒரு சாவிக்காக, இல்லாத திரையில் விண்ணப்பம் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறது. டீச்சர் அழுத்திப் பார்க்காத சாவி அது ஒன்றுதான்போல.

என் விரல் அனிச்சையாகக் கீபோர்டுக்குப் போனது. டீச்சர் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். கீபோர்டை டிரைவர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க அழுத்துங்க சார். கேட்டது நீங்கதானே.”

“எனக்கு எங்க தெரியும்?”

“மேல் வரிசை. இடது ஓரத்துல தனியா ஒரு சாவி நிக்கும். அதைத் தாண்டினா ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டி முதல் சாவி.”

டிரைவரின் கை பெரிய கை. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அது கீபோர்டின் விளிம்பைப் பிடித்து, ஓரத்துக்குப் போய், தனிச் சாவியைத் தொட்டு, பள்ளத்தில் இறங்கி ஏறி நின்றது.

“இதுவா?”

“அதான்.”

அழுத்தினார். டிஸ்க் கரகரவென்று படிக்கத் தொடங்கியது! பெயிண்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கரகர. அப்புறம் சோப்புப் பெட்டியிலிருந்து, அடைத்த மூக்கோடு, “தயார்” என்றது ஒரு குரல்.

“யாருய்யா இது?” என்றார் டிரைவர். “சளி பிடிச்ச கண்டக்டர் மாதிரி!”

“எங்க வீட்டு மூக்கன் சார்” என்றார் பெயிண்டர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“சரி, வண்டி கிளம்பிடுச்சு. நல்லது” என்றார் டிரைவர். மனைவி கைப்பையைத் தோளில் மாட்டினார். பேச்சுப்படி ஒரு தடவை வந்தாயிற்று. டீச்சர் பாடத்தை ஓடவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

டிரைவரின் கை மட்டும் கீபோர்டை விட்டு வரவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒரு விரல் சும்மா கீழே இறங்கியது.

“ரெண்டு” என்றான் மூக்கன்.

விரல் வலப்பக்கம் போனது. “மூணு.” “நாலு.” கொஞ்சம் தாண்டி, “ஏழு.”

“ஓ” என்றார் டிரைவர். திரும்பி வந்தார். “நாலு.” தயங்கி, எண்ணிக்கொண்டு, ஒரே தாவலில் போனார். “ஏழு.” இன்னொரு முறை, இப்போது நிற்காமல், “நாலு, ஏழு.”

“என்னங்க அது?” என்றார் மனைவி.

“நம்ம ரூட் நம்பர்.”

விரல் அடுத்த வரிசைக்கு இறங்கித் தடுமாறியது. எதையோ தேடி வேறெதையோ தொட்டது. மூக்கன் திட்டவில்லை, தொட்ட எழுத்தைச் சொன்னான். இன்னும் ஒன்று. அதையும் சொன்னான்.

“இவன் ஸ்டாப் பேரு சொல்றான்” என்றார் டிரைவர். சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. “இறங்கு, ஏறுன்னு கத்தல. எந்த ஸ்டாப்னு மட்டும் சொல்றான்.”

“அவ்வளவுதான் சார் அவனுக்குத் தெரியும்” என்றார் டீச்சர்.

“ஸ்டாப் தெரிஞ்சா ஓட்டிடலாமே.”

பிறகு நாங்கள் நால்வரும் தேவைப்படவே இல்லை. ஒரு வரிசை முழுக்க ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். அடுத்த வரிசை. எழுத்தைத் தொடுமுன் தானே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தால் “ம்” என்றார், தப்பென்றால் “அட” என்றார். அவர் மனைவி சுவரில் சாய்ந்து நின்று, புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். நானும் ஒன்றும் யோக்கியமாக நிற்கவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியதும் மனைவி மெல்ல, “என்னங்க, நேரமாச்சு. போலாமா?” என்றார்.

“உனக்கு அவசரம்னா இங்க இறங்கிக்கோ” என்றார் டிரைவர், விரலை எடுக்காமல். “நான் டெர்மினஸ் வரைக்கும் போறேன்.”

அவர்கள் போனபிறகுதான் பேட்டரியை மாற்றினோம். குளியலறையில் எடை பார்க்கும் மெஷினில் அதே மாதிரி ஒன்று இருந்தது. பெயிண்டர் மிகுந்த சந்தோஷத்தோடு பிடுங்கிக் கொடுத்தார். இனிமேல் அவர் எடை அவருக்கே தெரியாதாம். தேதியைப் போட்டு, அமைப்பைச் சரிசெய்து, மானிட்டரைக் கழற்றி ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர், “என்னதான் சொல்லுச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “ஒரு சாவிக்கா இவ்வளவு ஓட்டம்!” என்றார்.

டிரைவர் திங்கட்கிழமையும் வருகிறார். அதைக் கேட்டவர் அவர் மனைவி இல்லை, அவரே. இனி மாலை நேரம் அவருக்கு. காலை நேரம் இன்னும் யாருக்கும் இல்லை என்று டீச்சர் சொன்னார்.

அதற்காகத்தான் இவ்வளவு வேகமாகத் தட்டினேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, பார்வை போய், எனக்கு எதுக்கு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் இருப்பார். இதை அவர் வீட்டாருக்கு அனுப்புங்கள். விலாசம் என்னிடம் கேளுங்கள், உடனே தருகிறேன். கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை போய்வாருங்கள். படிக்கட்டு குறுகல், கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது.